மீன் தொட்டி எண் இரண்டு

சூலூரைத் தாண்டிப் பல்லடம் போகிற ரோட்டில் இருக்கும் எரிவாயு மின்கல மேம்பாட்டு மையத்துக்கு வயது பதினொன்று. இந்தப் பதினொரு வருடத்தில் அது தயாரித்த மின்சாரத்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்தால் இயக்குநர் அறையின் ஏ.சி. ஒரு மத்தியானம் ஓடியிருக்கும். மற்றபடி மையம் நல்ல நிலையில்தான் இருந்தது. வாசலில் மூன்று மொழிகளில் பலகை. உள்ளே போகிறவர்கள் எழுத ஒரு ரெஜிஸ்டர், வெளியே வருகிறவர்கள் எழுத ஒரு ரெஜிஸ்டர். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுத மூன்றாவதாக ஒரு ரெஜிஸ்டர்.

வரதராஜுலு அங்கே ஒப்பந்த ஊழியராக, உலை ஆபரேட்டர் வேலைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முன்னால் கணபதியில் ஒரு பம்ப் ஃபவுண்டரியில் இருபத்தெட்டு வருடம் உலை பார்த்தவர். கதவிடுக்கில் தெரிகிற நிறத்தை வைத்தே உள்ளே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். ஃபவுண்டரியை மூடிய பிறகு நாலு மாதம் சும்மா இருந்தார். மையத்தின் இன்டர்வியூவில் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, சாதிச் சான்றிதழின் ஜெராக்ஸில் கையெழுத்து ஏன் மங்கலாக இருக்கிறது என்பது. அதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லிவிட்டதால் எடுத்துக்கொண்டார்கள்.

அவரை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனவர் கிருபாவதி. பீங்கான் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர், வயது முப்பத்தொன்பது. அதில் ஒன்பது வருடத்தை இந்த அறையிலேயே செலவழித்திருந்தார். அறையின் நடுவில் பீரோ அளவுக்கு ஒரு எஃகுப் பெட்டி நின்றது.

"இதுக்குள்ள ஐம்பது பீங்கான் தகடு அடுக்கியிருக்குதுங்கண்ணா. பிஸ்கட் மாதிரி மெல்லிசு. தகட்டுக்கு ஒரு பக்கம் பைப் லைன்ல வர்ற கேஸ், இன்னொரு பக்கம் காத்து. எழுநூத்தி நாப்பது டிகிரியில வெச்சுட்டா கரண்ட் வரும். நெருப்பு கிடையாது, பொகை கிடையாது, சத்தம் கிடையாது."

"எரியாமயே கேஸ் கரண்டாகுதுங்களா?"

"ஆமாங்கண்ணா."

வரதராஜுலு பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். இருபத்தெட்டு வருடப் புகை அவர் நெஞ்சுக்குள் இன்னும் இருந்தது. காலையில் எழுந்தால் அரை மணி நேரம் இருமித்தான் ஆக வேண்டும். புகையில்லாத ஒரு சூட்டை அவர் பார்த்ததில்லை.

"அப்புறம் ஏனுங்க மேடம், இது ஓடறதே இல்லைன்னு வாச்மேன் சொல்றாரு?"

"ஓடுதுங்கண்ணா. அஞ்சே முக்கால் வரைக்கும் ஓடுது."

மின்சாரச் சிக்கனம் பற்றி ஒரு சுற்றறிக்கை இருந்தது. மாலை ஐந்தே முக்காலுக்கு மையத்தில் உள்ள எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட வேண்டும். காலை ஒன்பதரைக்கு வந்து கிருபாவதி பெட்டியைச் சூடேற்ற ஆரம்பிப்பார். பீங்கானை அவசரப்படுத்த முடியாது. மெதுவாக ஏற்றி, எழுநூற்று நாற்பதைத் தொடும்போது மணி நாலு. ஒன்றேமுக்கால் மணி நேரம் கரண்ட் வரும். பிறகு ஒருவர் வந்து அணைத்துவிட்டு ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வாரத்துக்கு நாலைந்து தகடு வெடித்துவிடும். தகடு ஏன் வெடிக்கிறது என்பதைப் பற்றி மையம் இதுவரை பதினாலு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தது. அதில் ஒன்றுக்கு ஹைதராபாத்தில் பரிசு கிடைத்தது.

"அணைக்காம உட்டாப் போதுமுங்களே," என்றார் வரதராஜுலு.

கிருபாவதி சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பாக இல்லை. "நிர்வாக அலுவலரைப் போய்ப் பாருங்கண்ணா. நான் ஒன்பது வருஷமாப் பாத்துட்டிருக்கறேன்."

நிர்வாக அலுவலர் பாலுசாமி யாரிடமும் எதையும் முடியாது என்று சொன்னதில்லை. அவரிடம் ஒரு காரியமாகப் போனவர்கள் காப்பி குடித்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசி, மனநிறைவோடு வெளியே வந்து, வண்டியை எடுக்கும்போதுதான் காரியம் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்வார்கள்.

"தாராளமா ஓட்டலாமுங்க," என்றார் பாலுசாமி. "சுற்றறிக்கையை மட்டும் ஒருதரம் பாத்துக்குவோம்."

"அது கரண்டைத் திங்கறதில்லைங்க. குடுக்குதுங்க."

"இருக்கட்டுமுங்க. சுவிட்ச் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"சுவிட்ச் இருந்தாச் சாதனமுங்க. குடுக்கறதா எடுக்கறதான்னு சுற்றறிக்கையில பிரிக்கலீங்க பாருங்க." பக்கத்தைப் புரட்டினார். "விலக்கு மூணுக்குத்தானுங்க இருக்குது. வாசல் லைட்டு, கேமரா, அப்புறம் உயிரினம்."

"உயிரினமுங்களா?"

"இயக்குநர் ரூம்ல மீன் தொட்டி இருக்குதுங்களே. மோட்டாரை நிறுத்தினா மூச்சு முட்டிச் செத்துப்போயிருமுங்க."

வரதராஜுலு மேஜைப் பக்கம் குனிந்தார். "எங்குளுதும் அப்படித்தானுங்க. காத்தை இழுக்குது, உடுது. நிறுத்தினாச் செத்துப்போயிருது."

பாலுசாமி அவரைப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். உயிரினப் பராமரிப்பு விலக்குப் படிவம். அதில் 'மீன் தொட்டி எண்' என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினார். எத்தனை உயிர் என்று கேட்டார். ஐம்பது என்றார் வரதராஜுலு. இனம் என்ற இடத்தில் எழுதுவதற்காகக் கிருபாவதிக்குப் போன் போட்டுக் கேட்க, தகட்டில் இருப்பது நிக்கல் என்றார் அவர். நிக்கல் என்றே எழுதப்பட்டது.

"கலர் மீனுங்களா?"

"சாம்பல் கலருங்க."

பாலுசாமிக்கு விஷயம் புரியாமல் இல்லை. படிவம் சரியாக இருந்தால் விஷயம் அவருக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. ஆய்வகக் கதவில் 'மீன் தொட்டி எண் 2 – அணைக்கக் கூடாது' என்று ஒரு பலகை மாட்டப்பட்டது.

அன்றைக்கு அணைக்க வந்தவர் பலகையைப் படித்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

பெட்டி ஓடியது. முதல் வாரம் முழுக்க ஒரு தகடுகூட வெடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரதராஜுலு வந்து பார்த்துவிட்டுப் போனார். கிருபாவதி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிட மறந்து, மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஆடவே மாட்டேங்குதுங்கண்ணா," என்பார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் எதையும் பழுது பார்க்காமல் இருந்தார். இரண்டாவது வாரம் அவரை மேடம் என்று கூப்பிடுவதை வரதராஜுலு விட்டுவிட்டார். அம்மணி என்றார்.

பதினைந்தாவது நாள் பல்லடத்திலிருந்து சாந்தாமணி என்கிற தறி முதலாளியம்மா பார்க்க வந்தார். இருபத்திநாலு விசைத்தறி வைத்திருப்பவர். கிருபாவதி ஒரு தறிச் சங்கக் கூட்டத்தில் இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசியதை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அறையில் சத்தமே இல்லாததை முதலில் அவர் நம்பவில்லை. காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார்.

"எங்க ஷெட்ல கரண்டு போயிப் போயி வருதுங்க அம்மணி. ஒவ்வொருக்காவும் நூல் அறுந்துபோகுது. டீசல் போட்டு ஓட்டினா பொகையில பொம்பளைங்க வேலைக்கு வர மாட்டீங்கறாங்க. இதை மூணு மாசம் நிக்காம ஓட்டிக் காட்டுங்க. எங்க ஷெட்ல இடம் உடறேன். எங்க சங்கத்துல இன்னும் நாப்பது பேரு இருக்கறாங்க. நான் வெச்சாத்தான் அவிய வெப்பாங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணிக்குச் சாந்தாமணி போன் செய்வார். "ஏனுங்க, இன்னும் ஓடுதுங்களா?" ஓடுகிறது என்றால் வேறெதுவும் பேசாமல் வைத்துவிடுவார்.

நாற்பத்தோராவது நாள் பாதுகாப்பு அலுவலர் சுரேந்தர் வந்தார். மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து, குழாயை ஒவ்வொரு இடமாக மோந்து பார்த்தார்.

"இந்த ஃபில்டருக்கு அப்புறம் கேஸ்ல நாத்தமே இல்லீங்களே."

"லீக் ஆனாத் தெரியட்டும்னு நாத்தத்துக்காகக் கலக்கறது கந்தகம்ங்க சார்," என்றார் கிருபாவதி. "அது தகட்டுல பட்டா விஷம். அதுக்குத்தான் ஃபில்டர் வெச்சு எடுக்கறோம்."

"அதாவது பாதுகாப்புக்காக அரசாங்கம் போட்டு அனுப்பற நாத்தத்தை நீங்க எடுத்துடறீங்க."

"ஆமாங்க சார். இல்லைன்னா தகடு செத்துரும்."

சுரேந்தர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முக்கியமான விஷயம் பேசும்போது அவர் அப்படிச் செய்வார். "மேடம், நான் இந்தப் பதவிக்கு வந்து ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்துல இங்க ஒரு விபத்து நடந்ததில்லை. ஏன்னா எதையும் நடக்க உட்டதில்லை. நாத்தமில்லாத வாயுவை நான் எப்படி அனுமதிக்கறது?"

மையத்தின் பாதுகாப்புக் குழு கூடியது. மூன்று மணி நேரம் பேசியது. தகட்டுக்குள் நாற்றம் போகக் கூடாது என்பது அறிவியல், வாயு இருக்கும் இடத்தில் நாற்றம் இருக்க வேண்டும் என்பது விதி, இரண்டுக்கும் பங்கம் வராமல் ஒரு தீர்வு காணப்பட்டது. அதன்படி, அந்த நாற்ற மருந்தை ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டு, அறையின் நடுவில் நிரந்தரமாக வைத்தார்கள்.

முதல் நாள் கிருபாவதி வாந்தி எடுத்தார். அழுகின முட்டையும் முட்டைக்கோசும் சேர்ந்து புளித்தது போல ஒரு வாடை. அது துணியில் ஏறியது, தலைமுடியில் ஏறியது, சோற்றில் ஏறியது. சூலூர் பஸ்ஸில் வரதராஜுலுவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வீட்டில் அவர் சம்சாரம் பாத்ரூம் வாசலிலேயே மாற்று வேட்டியை வைத்துவிட்டு, குளித்த பிறகுதான் பேச்சுக் கொடுத்தாள்.

ஒருநாள் அவர் சுரேந்தரிடம் கேட்டார். "எப்பவுமே நாறிட்டிருந்தா, நெசமாவே லீக் ஆனா எப்படிங்க தெரியும்?"

"தெரியாது," என்றார் சுரேந்தர். "அதனாலதான் எப்பவும் லீக் ஆகற மாதிரியே ஜாக்கிரதையா இருக்கச் சொல்றது."

வரதராஜுலு அதை இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டார். கணபதியில் அவர் பார்த்த முதலாளிகள் கோபக்காரர்கள், கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள். ஆனால் உலை எரிய வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இங்கே எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். அவருக்குக் குமட்டியது அந்தப் பாட்டிலால் மட்டும்தானா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

இருந்தாலும் பெட்டி ஓடியது. ஐம்பது நாள், அறுபது நாள், எழுபது நாள். இருவரும் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அளவுகளை எழுதினார்கள்.

எண்பத்தோராவது நாள் பாலுசாமி ஒரு கோப்போடு ஆய்வகத்துக்கு வந்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"தணிக்கையில ஒரு கேள்வி எழுப்பியிருக்கறாங்க. ரெண்டாவது தொட்டி மீனுக்கு எண்பது நாளாத் தீனி வாங்கலீங்க. உயிரினத்தைப் பட்டினி போட்டதா வந்துரும் பாருங்க."

"அது கேஸைத்தானுங்க திங்குது," என்றார் வரதராஜுலு.

பாலுசாமி அதை எழுதிக்கொண்டார். எழுதியது இயக்குநருக்குப் போனது. இப்படித்தான் தமது மையத்தில் ஒரு மின்கலம் எண்பத்தோரு நாளாக நிற்காமல் ஓடுகிறது என்பது இயக்குநருக்குத் தெரியவந்தது.

இயக்குநர் முனைவர் ஐயாசாமி இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் நல்ல வாசனை இருந்தது. முதலாவது தொட்டியில் ஆரஞ்சு மீன்கள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. பாராட்டுவார் என்று நினைத்துக் கிருபாவதி புதுச் சேலை கட்டி வந்திருந்தார். சேலையிலும் வாடை ஏறியிருந்தது.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார் ஐயாசாமி.

"எது சார்?"

"இது ஓடறது."

ஐயாசாமி எழுந்து ஜன்னலோரம் போனார்.

"உங்க மேல எனக்குக் கோபமில்லம்மா. நீங்க சின்னவங்க. ஒரு விஷயத்தை மட்டும் புரிஞ்சுக்கங்க. நம்ம மையத்தோட பேர்ல மேம்பாடுன்னு ஒரு வார்த்தை இருக்குது. மேம்பாடுன்னா மேம்பட்டுக்கிட்டே இருக்கறது. மேம்பட்டு முடிஞ்சுதுன்னா மையம் எதுக்கு? இங்க நூத்திப் பத்துக் குடும்பம் சோறு திங்குது. மூணு மாசம் ஓடிச்சுன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா, டெல்லியில என்ன கேப்பாங்க? சரி, அப்ப எடுத்து வெளிய குடுங்கன்னு கேப்பாங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அடுத்த திட்டத்துக்குப் போய் நிக்கறது? தோல்வியடைஞ்சா இன்னும் ஆராயணும்னு எழுதலாம். வெற்றியடைஞ்சா என்னத்தை எழுதறது?"

"பல்லடத்துல ஒருத்தங்க வாங்கறதுக்குத் தயாரா இருக்கறாங்க சார்," என்றார் கிருபாவதி. "இன்னும் ஒன்பது நாள் ஓடினாப் போதும். அவங்களைப் பாத்து நாப்பது பேரு வாங்குவாங்க."

"வாங்கறதா?" ஐயாசாமி திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தை அந்த அறைக்குள் இதற்கு முன் வந்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "கடையா நடத்தறோம்?"

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மையத்துக்குப் பணம் ஒதுக்குகிற உயர்மட்டக் குழுவின் தலைவரை டெல்லியிலிருந்து வரவழைத்து ஒரு விழா நடத்துவது. முதல் கட்டம் வெற்றி, இரண்டாம் கட்டம் தொடக்கம் என்று ஒரே மேடையில் அறிவிப்பது. தலைவருக்கு நாலு நாளில் கோயமுத்தூர் வழியாக ஊட்டி போகிற வேலை இருந்தது. எண்பத்தைந்தாவது நாள், காலை பதினோரு மணி என்று முடிவாயிற்று.

விழாவுக்கு முந்தின நாள் காலை சுரேந்தர் ஒரு கடிதத்தோடு ஆய்வகத்துக்கு வந்தார். முக்கியப் பிரமுகருக்கு இருபது அடிக்குள் அறுபது டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பொருளும் இருக்கக் கூடாது.

"சாம்பார்?" என்று கேட்டார் வரதராஜுலு.

"அதுக்குத் தனி அனுமதி வாங்கியாச்சு."

கிருபாவதி கெஞ்சினார். பெட்டியை இருபத்தைந்து அடி தள்ளி வைக்கலாம் என்றார். விழாவை வேறு அறையில் வைக்கலாம் என்றார். இன்னும் ஆறே நாள்தான் என்றார். சரி, அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாக, மூன்று நாள் எடுத்து ஆற்றினால் தகடுகள் பிழைக்கும் என்றார். சுரேந்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, சுவிட்சை அணைத்தார். பிறகு பெட்டியின் கதவைத் திறக்கச் சொல்லி, கேன்டீனிலிருந்து கொண்டுவந்த இரண்டு பெரிய ஃபேன்களை அதற்கு நேராக வைத்து ஓடவிட்டார்.

உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. வரதராஜுலு பார்த்துக்கொண்டே நின்றார். ஆரஞ்சு கருஞ்சிவப்பானது. சிவப்பு ஓரத்திலிருந்து அணைய ஆரம்பித்தது. அப்போது முதல் சத்தம் கேட்டது. ரொம்பச் சின்னச் சத்தம், நகம் வெட்டுகிற மாதிரி.

கிருபாவதி நோட்டை எடுத்து மணியைப் பார்த்து எழுதினார். 10.52. அடுத்த சத்தம் 10.53. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதினார். முப்பத்தேழாவது சத்தம் வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"போலாம் அம்மணி," என்றார் வரதராஜுலு.

"நீங்க போங்கண்ணா. மிச்சம் பதிமூணு இருக்குது."

மறுநாள் காலை ஆய்வகம் அடையாளம் தெரியவில்லை. நாற்றப் பாட்டிலை எடுத்துவிட்டு ரோஜா வாசனை அடித்திருந்தார்கள். பெட்டிக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, சம்பங்கி மாலை போட்டிருந்தது. பக்கத்தில் 'எச்சரிக்கை – 740 டிகிரி' என்று சிவப்புப் பலகை. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் புறப்பட்டு மேடைக்குப் போய், அங்கே நூறு பல்புகள் கோத்த ஒரு தோரணத்தில் முடிந்தது. இன்னொரு ஒயர், கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வாடகை டீசல் ஜெனரேட்டரிலிருந்து புறப்பட்டு அதே தோரணத்தில் முடிந்தது. வரதராஜுலுவுக்கு வெள்ளிக் காகிதம் போல் மின்னுகிற ஒரு வெப்பத் தடுப்புக் கோட்டைப் போட்டு, பெட்டிக்கு அருகில் நிற்க வைத்தார்கள்.

பொதுமக்கள் பிரதிநிதி என்ற வகையில் சாந்தாமணியையும் அழைத்திருந்தார்கள். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

குழுத் தலைவர் வந்தார். பொத்தானை அமுக்கினார். பின்னால் எங்கோ ஏதோ உறுமியது. நூறு பல்பும் எரிந்தன. கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் பேசினார்.

"நான் இருபத்தாறு நாடுகளில் ஆய்வு மையங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கேயும் இவ்வளவு சுத்தமான ஆய்வகத்தைப் பார்த்ததில்லை. எங்கே பார்த்தாலும் எண்ணெய், கரி, உடைந்த சாமான்கள். இங்கே வேலை நடந்ததற்கான அடையாளமே இல்லை. இதுதான் நிர்வாகம். இந்த இயந்திரத்தின் வெப்பத்தை இருபது அடி தூரத்தில் நிற்கும்போதே என் முகத்தில் உணர்கிறேன்." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஐயாசாமியும் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து முதல் வரிசை முழுவதும் துடைத்துக்கொண்டது.

வரதராஜுலு ஒன்றும் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. கிருபாவதி கடைசி வரிசையில், சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். கோட்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, வெறும் உள்ளங்கையைத் தங்கப் பெட்டியின் மேல் வைத்தார். வைத்தபடியே நின்றார்.

சுரேந்தர் பாதி வழி ஓடி வந்து, தாமே போட்டிருந்த இருபது அடிக் கோட்டில் நின்றுவிட்டார்.

சாந்தாமணி எழுந்தார். சேலையைச் செருகிக்கொண்டு நேராக நடந்து வந்து, அவரும் கையை வைத்துப் பார்த்தார்.

"குளுகுளுன்னு இருக்குதுங்களே," என்றார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. "பொறத்தால டீசல் நாத்தம் வேற அடிக்குது. ஏனுங்க அம்மணி, ஓடுதுன்னு திங்கக்கிழமை சொன்னீங்களே?"

"திங்கக்கிழமை ஓடிச்சுங்க," என்றார் கிருபாவதி. "நேத்துக் காலைல கொன்னுபோட்டாங்க."

சாந்தாமணி அவரைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. "அப்படீங்களா," என்றார். "ஜெனரேட்டரு எங்கூட்லயே ஒண்ணு இருக்குதுங்க. அது இத்தனை சத்தம் போடாது." பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு எந்தத் திங்கட்கிழமையும் போன் வரவில்லை.

மேடையில் இருந்தவர்களில் தலைவர்தான் முதலில் சுதாரித்தார். அவர் அந்தப் பதவிக்குச் சும்மா வரவில்லை. மைக்கைக் கிட்டே இழுத்தார். "பார்த்தீர்களா? உலகமெல்லாம் சூடான மின்கலத்தோடு போராடிக்கொண்டிருக்கிறது. இவர்கள் சத்தமில்லாமல் குளிர்ந்த மின்கலத்தைச் சாதித்துவிட்டார்கள். நூறு விளக்கு எரிகிறது, தொட்டால் சுடவில்லை. இரண்டாம் கட்டத்தை நான் இந்த மேடையிலேயே அனுமதிக்கிறேன்." கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஐயாசாமியின் கண்கள் கலங்கியிருந்தன.

குளிர்ந்த மின்கலத் திட்டத்துக்கு ஐந்து வருடம் ஒதுக்கினார்கள். கிருபாவதி சூடான மின்கலத்தில்தான் நிபுணர் என்பதால் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவரைத் திட்டியோ குறை சொல்லியோ யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சால்வை போர்த்தி அனுப்பினார்கள். குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. ரயில் ஏறுமுன் வரதராஜுலுவுக்குப் போன் செய்தார். "அங்க சூளை இருக்குதாம்ண்ணா. வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் அணைக்க மாட்டாங்களாம்," என்றார்.

வரதராஜுலுவின் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. எழுநூற்று நாற்பது டிகிரி என்று பலகை மாட்டிய சாதனத்தை வெறுங்கையால் தொட்டது விபத்து ரெஜிஸ்டரில் ஏறிவிட்டது. ஆறு வருடத்தில் முதல் விபத்து. சுரேந்தர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. விபத்து என்று இருந்தால் காயம் என்று இருக்க வேண்டும். காயம் என்று இருந்தால் சிகிச்சை. மையத்தின் மருந்தகத்தில் இருந்த நர்ஸம்மா வரதராஜுலுவின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்களே."

"ஒண்ணும் இல்லைங்கம்மா."

"ரெஜிஸ்டர்ல தீக்காயம்னு இருக்குதுங்க. கட்டாம அனுப்பினா என்னையக் கேப்பாங்க." சங்கடப்பட்டுக்கொண்டே மருந்து தடவி, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் கட்டுப் போட்டுவிட்டார்.

அந்தக் கட்டோடு வரதராஜுலு பாலுசாமியின் அறைக்குப் போனார். இடது கையால் கோணல்மாணலாக எழுதிய ராஜினாமாவை மேஜையில் வைத்தார். அடியில் கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை இருந்தது.

"உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?"

"வேண்டாமுங்க."

பாலுசாமி தாளைப் படித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "போறதுன்னா தாராளமாப் போலாமுங்க. கைநாட்டு மட்டும் ஒத்து வராது பாருங்க. நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவர்னு உங்க ஃபைல்ல இருக்குது. கையெழுத்துப் போடணும். காயம் ஆறட்டும். ஆறிருச்சுன்னு டாக்டர்கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. தீக்காயத்துக்கு எப்படியும் ஒரு மாசம் ஆகுமுங்க."

வரதராஜுலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்து, கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். பிரித்து முடித்ததும் வலது கையை மேஜையின் மேல் விரித்து வைத்தார். இருபத்தெட்டு வருடம் உலைக்கதவு தள்ளிக் காய்த்துப்போன கை. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. பாலுசாமி அதை நன்றாகப் பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு அவருடைய பேனாவையே எடுத்து, தெலுங்கு எழுத்துப் போல உருண்டை உருண்டையாகத் தம் முழுப் பெயரையும் எழுதினார். கட்டுத் துணியைத் தாளின் மேல் வைத்தார்.

"வாரேனுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வாசலில் இருந்த மூன்று ரெஜிஸ்டரிலும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

பாலுசாமி அந்தத் துணியைப் பார்த்தார். மருந்துக் கறை படிந்து அது சுருண்டு கிடந்தது. பிறகு அதை நாலாக மடித்து, ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, 'இணைப்பு 1' என்று எழுதி, கோப்பில் கோத்தார்.